இன்ஜின் ஆயில் மட்டம் ஏன் ஏறியது? பத்தாயிரம் வெள்ளி விழுங்கிய டீசல் பிக்கப்புக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. உங்கள் மீது அல்ல. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

சிங்கப்பூர் பாண்டான் லூப்பில் சிறிய சமையற்கூடம் நடத்துகிறீர்கள். 2018இல் பதிவான, பின்னிருக்கையும் உள்ள டீசல் பிக்கப் ஒன்றை 2024 கடைசியில் பழைய வண்டியாக வாங்கினீர்கள். அப்போது 96,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 114,000. இந்தப் பதினான்கு மாதத்தில் புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வுக்கு 1,180 வெள்ளி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவுக்கு 3,400, டீசலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்களுக்கு 3,950, புகைத்துகள் வடிகட்டியை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்ய 720, இழுவை வண்டிக்கும் சில சென்சார்களுக்கும் 860. மொத்தம் 10,110 வெள்ளி. இவ்வளவுக்குப் பிறகும் போன வாரம் ஆயர் ராஜா விரைவுச்சாலையில், கல்யாண வீட்டுச் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு போகும்போது, எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி இழுக்க மறுத்துவிட்டது. விற்பதா, இன்னும் ஒரு முறை பழுது பார்ப்பதா என்று கேட்கிறீர்கள்.

இரண்டையும் இந்த வாரம் செய்யாதீர்கள். முதலில் ஒரு நாள் முழுவதும் வண்டியை அளந்து பார்க்க வேண்டும். பத்தாயிரம் வெள்ளி செலவழித்திருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் அனுப்பிய ஐந்து ரசீதுகளில் ஒன்றில்கூட ஓர் அளவு எழுதப்படவில்லை. அழுத்தம் எவ்வளவு இருந்தது, வெப்பநிலை எவ்வளவு, எந்த இன்ஜெக்டர் எவ்வளவு டீசலைத் திருப்பி விட்டது, ஒன்றும் இல்லை. எல்லாவற்றிலும் பாகத்தின் பெயரும் விலையும் மட்டுமே. என் கோபத்துக்குக் காரணம் அதுதான்.

உங்கள் நீண்ட கேள்வியின் நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "இன்ஜின் ஆயில் மட்டும் குறைவதே இல்லை, அளவுக் கம்பியில் பார்த்தால் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல்" என்று. தம்பி, அது ஆறுதல் அல்ல. அந்த ஐந்து ரசீதுகளையும்விட அந்த வரிதான் எனக்கு அதிகம் சொல்லியது. ஆயில் தானாகப் பெருகாது. அளவு ஏறுகிறது என்றால் வேறொன்று அதில் கலக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்தால் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறும், கூலன்ட் தொட்டியில் மட்டம் இறங்கும். நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அப்படியானால் கலப்பது டீசல்தான். கம்பியை எடுத்து முகர்ந்து பாருங்கள், ஆயிலை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். டீசல் வாடை அடித்து, தண்ணீர் போல் வழுக்கினால் சந்தேகமே வேண்டாம். ஆயிலும் அதன் வடிகட்டியும் மாற்றப்படும் வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள். நாளைக்கு என்ன விநியோகம் இருந்தாலும் வாடகை வண்டி எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் கலந்து நீர்த்த ஆயில் இன்ஜினின் சுழல்தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகளைத் தேய்த்துவிடும். அளவு மிகவும் ஏறினால் அந்த ஆயிலையே இன்ஜின் உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு.

டீசல் எப்படி ஆயிலுக்குள் போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் ரசீதுகள் எல்லாம் ஒரே கதையின் பகுதிகள் என்பது தெரிந்துவிடும்.

சிங்கப்பூரில் 2018 ஜனவரி முதல் பதிவாகும் புதிய டீசல் வாகனங்கள் யூரோ 6 என்ற புகை வெளியேற்றத் தரத்தில் இருக்க வேண்டும். அதனால் உங்கள் வண்டியின் புகைபோக்கிக் குழாயில் துகள் வடிகட்டி இருக்கிறது. பட்டறைகளில் டிபிஎஃப் என்பார்கள். அது கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதற்கு ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். சாதாரண ஓட்டத்தில் புகைபோக்கி அவ்வளவு சூடாகாது. ஆகவே இன்ஜின் கணினி ஒரு தந்திரம் செய்கிறது. சிலிண்டரில் எரிப்பு முடிந்து பிஸ்டன் இறங்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் டீசலைத் தெளிக்கிறது. அது உள்ளே எரியாமல் வெளியே போய், வடிகட்டிக்கு முன்னால் உள்ள வினையூக்கியில் எரிந்து சூட்டைக் கிளப்புகிறது. இந்த வேலை முடியப் பதினைந்து முதல் முப்பது நிமிடம் ஆகும், வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

தாமதமாகத் தெளிக்கும் அந்த டீசல் முழுவதும் வெளியே போவதில்லை. கொஞ்சம் சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயில் தொட்டிக்குள் வடிகிறது. மாதத்தில் இரண்டு மூன்று முறை வடிகட்டி எரிப்பு நடந்து ஒழுங்காக முடிந்தால் அந்த அளவு பொருட்டே இல்லை. ஆனால் எரிப்பு தொடங்கி, பாதியில் நீங்கள் வண்டியை அணைத்து, அடுத்த பயணத்தில் மறுபடி தொடங்கி, மறுபடி அணைத்து என்று நாளுக்கு மூன்று நான்கு முறை நடந்தால்? வடிகட்டியும் சுத்தமாகாது, ஆயிலில் டீசலும் ஏறிக்கொண்டே போகும்.

உங்கள் ஒரு நாளைப் பாருங்கள். விடியற்காலையில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிறீர்கள், சில கிலோமீட்டர்தான். திரும்பி வந்து அணைக்கிறீர்கள். பதினொரு மணிக்குக் கிளமென்டி, குவீன்ஸ்டவுன், புக்கிட் மேரா. ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி இறக்குகிறீர்கள். சாப்பாட்டை இறக்கும்போது கூட வரும் பையன் குளிர்சாதனத்துக்காக இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிற்கும் வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும், சும்மா ஓடும் டீசல் இன்ஜின் சூடேறாமல் கரியை மட்டும் கக்கும். உங்கள் வடிகட்டிக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை.

இப்போது ரசீதுகளை வரிசைப்படுத்துங்கள். வடிகட்டி அடைத்தால் புகை வெளியேற முடியாமல் பின்னழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் சிலிண்டருக்குள் எரிப்பு கெட்டுக் கரி இன்னும் அதிகமாகிறது. ஈஜிஆர் வால்வு அந்தக் கரிப்புகையின் ஒரு பகுதியைத்தான் மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புகிறது, ஆகவே அது தார் பூசியதுபோல் அடைத்துக்கொள்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல். அந்த ஆயிலில் டீசல் கலந்தால் படலம் உடைகிறது, பேரிங் தேய்கிறது. ஈஜிஆர், டர்போ, வடிகட்டி என்று மூன்றும் அடி வாங்கியவை. அடித்தவனை யாரும் தேடவில்லை. தேடாமல் புது டர்போவைப் போட்டு, அதே நீர்த்த ஆயிலைச் சுற்றவிட்டிருக்கிறார்கள். ஆயில் மாற்றினார்களா என்று அந்த 3,400 வெள்ளி ரசீதில் தேடினேன். ஆயில் என்ற சொல்லே இல்லை.

சரி, வடிகட்டி எரிப்பு ஏன் முடியாமல் போகிறது? குறுகிய பயணம் என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாம், பல பட்டறைகள் அப்படித்தான் செய்கின்றன. அது பாதி உண்மைதான். உங்கள் வண்டியைப் போலவே கிளமென்டிக்கும் புக்கிட் மேராவுக்கும் ஓடும் நூற்றுக்கணக்கான டீசல் வண்டிகள் இப்படிச் சாவதில்லை. இன்னொரு காரணம் இருக்க வேண்டும்.

எனக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு வண்டியைச் சொல்கிறேன். நான் அப்போது காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறையில் டீசல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூக்கடைக்காரர் ஒருவருடைய வண்டி. மூன்று இடங்களில் வடிகட்டியைச் சுத்தம் செய்து, கடைசியில் புது வடிகட்டிக்கே விலை கேட்டுவிட்டு எங்களிடம் வந்தார். இன்ஜின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். இருபது நிமிடம் ஓட்டிய பிறகும் கூலன்ட் வெப்பநிலை 64 பாகையைத் தாண்டவில்லை. அந்த இன்ஜின் 80 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் முழுச் சூட்டை அடையாவிட்டால் கணினி வடிகட்டி எரிப்பை அனுமதிக்காது, அல்லது தொடங்கிவிட்டுக் கைவிடும். நம் ஊர் வெயிலில் இன்ஜின் குளிர்ந்துபோய் இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? முன்பலகை முள்ளும் நடுவுக்குக் கொஞ்சம் கீழே, பார்ப்பவருக்கு உறுத்தாத இடத்தில் நின்றது. பாகத்தின் விலை நூறு வெள்ளிகூட இல்லை. அதை மாற்றி, ஆயிலை மாற்றி, வடிகட்டியை ஸ்கேனர் மூலம் தூண்டும் கட்டாய எரிப்பில் சுத்தம் செய்து அனுப்பினோம். அதே வடிகட்டியோடு அந்த வண்டி அதன் பிறகும் பல ஆண்டுகள் பூ சுமந்தது.

உங்கள் வண்டியிலும் தெர்மோஸ்டாட்தான் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னால் உங்களிடம் பணம் வாங்கியவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் அளக்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு, அது மலிவானதிலிருந்து தொடங்க வேண்டும்.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, இயக்காமல், சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். வடிகட்டியின் முன்பக்க, பின்பக்க அழுத்த வேறுபாட்டைக் காட்டும் சென்சார் அப்போது பூஜ்யம் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடவில்லை, புகை இல்லை, வேறுபாடு எங்கிருந்து வரும்? பூஜ்யம் காட்டாவிட்டால் சென்சார் பொய் சொல்கிறது, அல்லது அதற்குப் போகும் இரண்டு சிறிய ரப்பர் குழாய்களில் ஒன்று வெடித்திருக்கிறது, அடைத்திருக்கிறது. அந்தப் பொய்யை நம்பித்தான் கணினி நேரம் கெட்ட நேரத்தில் எரிப்பைத் தொடங்குகிறது. அதேபோல் காற்றழுத்தச் சென்சார் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம், வேறு எண் வர வழியில்லை. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் யாரும் வடிகட்டியில் கைவைக்கக் கூடாது.

அடுத்து பேட்டரி. இயக்கும்போது மின்னழுத்தம் அதிகம் சரிந்தால் கணினிக்குப் பத்துவிதப் பிழைக் குறியீடுகள் தோன்றும். பிறகு இன்ஜினை இயக்கி ஒரே சீராக இருபது நிமிடம் ஓட்டி, வெப்பநிலை எந்த எண்ணில் நிலைக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்பு இன்டர்கூலர் குழாய்கள். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும், வண்டி இழுக்காது, கரும்புகை வரும், "டர்போ போய்விட்டது" என்பார்கள். குழாய்க்குள் புகையை அடைத்துச் சோதிக்கும் கருவி இப்போது பல பட்டறைகளில் இருக்கிறது. உங்கள் பழைய டர்போவை மாற்றும் முன் அந்தச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள்.

இன்ஜெக்டர்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் செலவுகளில் மிகப் பெரிய தொகை அங்கேதான் போயிருக்கிறது. இன்றைய டீசல் இன்ஜினில் ஒரு பொதுக் குழாயில் 1,600 பார், 2,000 பார் என்ற அளவில் அழுத்தம் இருக்கும். இன்ஜெக்டர் அதைத் தலைமுடி அளவு துளைகள் வழியாக ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக் கணக்கில் தெளிக்கிறது. ஒவ்வொன்றும் தயாரிக்கும்போதே மயிரிழை வேறுபடும். அந்த வேறுபாடு ஒரு நீண்ட குறியீடாக அதன் தலையில் பொறிக்கப்பட்டிருக்கும். புதிது போட்டால் பெரும்பாலான வண்டிகளில் அந்தக் குறியீட்டைக் கணினியில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கணினி பழைய இன்ஜெக்டர் இருப்பதாகவே நினைத்துத் தெளிக்கும், ஒரு சிலிண்டருக்கு டீசல் கூடும், இன்னொன்றுக்குக் குறையும், கரி கூடும். உங்கள் ரசீதில் "இன்ஜெக்டர் 4, கூலி" என்று மட்டும் இருக்கிறது. குறியீடு எழுதினார்களா என்று கேளுங்கள். அடியில் போடும் செம்பு வளையங்கள் புதிதா, பழையவையே திரும்பப் போடப்பட்டனவா என்றும் கேளுங்கள். பழைய வளையம் கசிந்தால் எரிந்த வாயு மேலே ஏறி ஆயிலைக் கரியாக்கும். அந்தக் கரி ஆயில் தொட்டியின் அடியில் உள்ள உறிஞ்சு சல்லடையை அடைக்கும். அங்கே அடைத்தால் டர்போவுக்கும் பேரிங்குகளுக்கும் ஆயில் போகாது. மேலே கசியும் ஒரு வளையம் கீழே இன்ஜினைக் கொல்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்ஜெக்டர் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கழற்றக்கூட வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் உள்ளே பயன்படாத டீசலைத் திருப்பி அனுப்பும் சிறு குழாயில் நான்கு சோதனைக் குப்பிகளை மாட்டி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டால் நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு சேர வேண்டும். ஒன்றில் மட்டும் பொங்கி வழிந்தால் அது தேய்ந்தது. இதைச் செய்திருந்தால் நான்கையும் மாற்ற வேண்டி வந்திருக்குமா? ஒன்று மாற்றியிருக்கலாம், ஒன்றும் தேவைப்படாமலும் இருந்திருக்கலாம்.

நானும் இதில் தவறு செய்தவன்தான், அதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. தொழிலுக்கு வந்த ஆறாவது ஆண்டில், ஒரு காய்கறி வியாபாரியின் சிறிய லாரி பி0087 என்ற குறியீட்டோடு வந்தது. டீசல் குழாயில் அழுத்தம் குறைவு என்று பொருள். அழுத்தம் குறைவு, ஆகவே உயரழுத்த பம்ப் போய்விட்டது என்று முடிவு செய்து பம்பை மாற்றினேன். மறுநாளே அதே குறியீடு. கடைசியில் பார்த்தால், டீசல் வடிகட்டியின் மேல் இருக்கும் கை பம்பில் நுண்ணிய வெடிப்பு, அதன் வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. ஒளி ஊடுருவும் குழாய் ஒரு துண்டை இடையில் மாட்டிக் குமிழி வருகிறதா என்று பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த வியாபாரிக்கு என் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் பம்பின் விலையை அவர்தான் சுமந்தார். பிழைக் குறியீடு பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை, எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்கிறது என்பதை அவருடைய பணத்தில்தான் நான் கற்றுக்கொண்டேன். அதனால்தான் உங்கள் ரசீதுகளைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் ஓட்டுபவர் மீது போடும் வழக்கம் இருக்கிறது. "நீங்கள் சரியாக ஓட்டுவதில்லை, அதனால்தான் டிபிஎஃப் அடைக்கிறது" என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் 264,170 தொடர்பான கூட்டு வழக்கில், துகள் வடிகட்டி அமைப்பிலேயே குறை இருந்தது என்று அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அங்கே குறை வெளிப்பட்டது ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து நெடுஞ்சாலையில் ஓட்டும்போது. அதாவது வடிகட்டிக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிற அதே ஓட்டத்தில். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, உங்கள் வண்டி அந்த வகையும் அல்ல. ஆனால் வடிவமைப்பிலும் குறை இருக்க முடியும் என்பது நீதிமன்றத்தில் நிரூபணமான விஷயம். ஆகவே பட்டறைக்காரர் உங்கள் ஓட்டத்தைக் காரணம் காட்டினால், பணிவாக, அளவைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

ஓட்டத்திலும் மாற்ற வேண்டியது இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்த பிறகு, வாரத்தில் ஒரு நாள், விநியோகம் முடிந்த சூட்டோடு, ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஏறித் துவாஸ் வரை சென்று திரும்புங்கள். நம் இலகுரகச் சரக்கு வண்டிகளுக்கு வேக வரம்பு மணிக்கு 70 கிலோமீட்டர்தான், அது போதும். ஆனால் உயர்ந்த கியரில் இன்ஜினைத் தூங்கவிடாமல், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் இருக்கும்படி ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள். எரிப்பு நடக்கும்போது சும்மா நிற்கையில் இன்ஜின் வேகம் சற்றுக் கூடியிருக்கும், விசிறி பலமாகச் சுற்றும், சூட்டு வாடை வரும். அந்த நேரத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாலும் அணைக்காமல் இன்னும் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பையனிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

ஆயிலைப் பொறுத்தவரை, துகள் வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த வகையைத்தான் ஊற்ற வேண்டும். உங்கள் கையேட்டில் ஏசிஇஏ சி3 என்றோ ஜாசோ டிஎல்-1 என்றோ எழுதியிருக்கும், டப்பாவிலும் அதே எழுத்து இருக்க வேண்டும். பெரிய லாரிக்கு ஊற்றும் பீப்பாய் ஆயிலையே எல்லா வண்டிகளுக்கும் ஊற்றும் இடங்கள் உண்டு. கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது, அது வடிகட்டிக்குள்ளேயே தங்கிவிடும். கையேடு 10,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும் உங்கள் ஓட்டத்துக்கு 5,000த்தில் மாற்றுங்கள்.

வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டுக் கணினியை ஏமாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து வந்துவிடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒருவர் 900 வெள்ளிக்குச் செய்து தருவதாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சட்டவிரோத மாற்றம். பிடிபட்டால் உரிமையாளரான நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், ஆண்டுச் சோதனையிலும் சிக்கும். அதையெல்லாம்விட, நீங்கள் சாப்பாடு இறக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் விளையாடும் பிள்ளைகள் அந்தக் கரியைச் சுவாசிப்பார்கள்.

இனி விற்பது பற்றி. நம் ஊரில் இந்தக் கணக்கு வேறு எந்த ஊரையும் போல் இல்லை. வண்டியின் விலையைவிட அதை ஓட்டும் உரிமையின் விலை பெரிது. சரக்கு வாகனங்களுக்கான சி பிரிவுச் சிஓஇ, அதாவது பத்தாண்டு ஓட்டும் உரிமைச் சான்றிதழ், 60,000 வெள்ளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், 2018இல் எடுத்த சான்றிதழோடு ஓடும் வண்டியைக் கோபத்தில் கைவிடுவது பெரிய இழப்பு. உங்களுக்கு இன்னும் ஏறத்தாழ முப்பது மாதம் இருக்கிறது. இப்போது பதிவை ரத்து செய்தால் சரக்கு வாகனத்துக்குக் கார்களைப் போலப் பதிவுக் கட்டணத்தில் தள்ளுபடி கிடையாது, மீதமுள்ள சிஓஇ காலத்துக்கான பணம் மட்டும் திரும்பும். உதாரணமாக, அன்று 30,000 வெள்ளி கட்டப்பட்டிருந்தால் மாதத்துக்கு 250 வெள்ளி வீதம் 7,500 வெள்ளி. உண்மையான தொகையை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

மறுபக்கம், நீங்கள் விசாரித்த வாடகை வேன் மாதம் 1,400 வெள்ளி. முப்பது மாதத்துக்கு 42,000. இந்த வண்டியை ஒழுங்காகச் சரி செய்ய இன்னும் 3,000 வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 100 வெள்ளிதான் விழுகிறது. ஏற்கெனவே போன 10,110 வெள்ளியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது போய்விட்டது, விற்றாலும் வராது, வைத்திருந்தாலும் வராது. "இவ்வளவு போட்டுவிட்டோமே" என்பதற்காக ஒரு வெள்ளிகூட இனிப் போடக் கூடாது, "இவ்வளவு தின்றுவிட்டதே" என்ற ஆத்திரத்தில் விற்கவும் கூடாது.

ஆனால் ஒரு நிபந்தனை. இன்ஜினின் அடிப்படை நலமாக இருக்க வேண்டும். சிலிண்டர்களின் அமுக்க அழுத்தத்தையும், இன்ஜின் சூடான பிறகு ஆயில் அழுத்தத்தையும் உண்மையான அழுத்தமானியை மாட்டி அளக்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டர்களில் ஒன்று தனித்துச் சரிந்திருந்தாலோ, ஆயில் அழுத்தம் கையேட்டு அளவுக்குக் கீழே இருந்தாலோ, நீர்த்த ஆயில் தன் வேலையைக் காட்டிவிட்டது என்று பொருள். அப்போது இன்ஜினைப் பிரித்துக் கட்ட வேண்டும். முப்பது மாதத்துக்காக அந்தச் செலவைச் செய்யாதீர்கள், உள்ளது உள்ளபடி சொல்லி விற்றுவிடுங்கள்.

2028இல் சிஓஇயைப் புதுப்பிப்பதா என்று இப்போதே யோசிக்க வேண்டாம், ஆனால் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்தாண்டுக்குப் புதுப்பித்தால் வண்டி இருபதாண்டு வரை ஓடலாம், ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் பாதிப் பணம், மறுபடி நீட்டிக்க முடியாது. பத்து வயதைத் தாண்டினால் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை என்பது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆகிவிடும். உங்கள் ஓட்டம் நாளுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கீழே. அடுத்த வண்டி டீசலாக இருக்க வேண்டிய தேவையே இல்லை, மின்வேன் உங்களுக்கு மிகவும் பொருந்தும். 2025 ஜனவரி முதல் புதிய டீசல் கார், டாக்சி பதிவு நின்றுவிட்டது. சரக்கு வண்டிகள் அதற்குள் வரவில்லை என்றாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது.

பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். குறையுள்ள பொருளுக்கான 2012ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு சொந்தப் பயனீட்டாளருக்கானது. தொழிலுக்காக, நிறுவனத்தின் பெயரில் வாங்கிய உங்கள் வண்டிக்கு அது உதவாது. ஆனால் பழுது பார்த்த வேலை சரியில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது ஏற்கும், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை, அவருக்கு அங்கே அனுமதியும் இல்லை. அங்கே வெறும் ஆத்திரம் எடுபடாது, காகிதம் வேண்டும். அதற்காகவும்தான் இந்த அளவுகளை எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். குறியீடு எழுதாமல் போட்ட இன்ஜெக்டரும், ஆயில் மாற்றாமல் போட்ட டர்போவும் நிரூபிக்கக்கூடிய குறைகள். மன்றத்துக்கு முன் அதே பட்டறையிடம் நேரில் சென்று, குரல் உயர்த்தாமல், அறிக்கையை மேசையில் வைத்துப் பேசிப் பாருங்கள். பழைய நான்கு இன்ஜெக்டர்கள் இன்னும் அவர்களிடம் இருந்தால் கேட்டு வாங்கிவிடுங்கள், டீசல் பம்ப் கடைகளில் சோதனை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடலாம்.

இனிமேல் எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதல் நாள் கண்டறிவதற்கு மட்டும் பணம் கொடுங்கள். 150 வெள்ளியோ 250 வெள்ளியோ கேட்டால் பேரம் பேசாதீர்கள். இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்பவர் அந்தப் பணத்தைப் பாகத்தில்தான் எடுப்பார். பாகம் மாற்ற வேண்டும் என்றால், எந்த அளவு தவறாக இருக்கிறது, மாற்றிய பிறகு அது எந்த எண்ணுக்கு வர வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் அப்படிக் கேட்ட வாடிக்கையாளர்கள் மிகக் குறைவு, அவர்களுடைய வண்டிகளைத்தான் நான் அதிகக் கவனத்தோடு பார்த்தேன்.

நாளைக் காலை முதல் வேலை ஆயில். வடிக்கும்போது எத்தனை லிட்டர் வந்தது என்று அளந்து, ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கூலன்ட் நிலைத்த வெப்பநிலை, இயக்காத நிலையில் வடிகட்டி அழுத்த வேறுபாடு, நான்கு குப்பிகளின் அளவு, அமுக்க அழுத்தம், சூடான ஆயில் அழுத்தம், இந்த எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். அவை கைக்கு வந்த பிறகு இந்த வண்டியை வைத்துக்கொள்வதா விடுவதா என்று உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.